முதுகில் இறங்கிய பிரசவ வலி

மேலூரில் வீட்டில் இருக்கும்போதே என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. வயிற்றைவிட முதுகுதான் பிளந்தது. தைலம் தேய்க்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். சரி என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்தேன். வலி ஏறும்போதெல்லாம் வால் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அசையாமல் அழுத்தினேன். தேய்க்கவே இல்லை. “இன்னும் அழுத்துங்க, விட்டுராதீங்க” என்றாள். வலி இறங்கியதும் ஒரு மடக்கு சீரகத் தண்ணீர்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை வலி வரத் தொடங்கியதும் 108-ஐக் கூப்பிட்டோம். அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் பெண் துணையைத்தான் விடுவார்கள். அதனால் ஆம்புலன்ஸிலேயே அத்தைக்கு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். களை எடுத்த கை, என்னைவிட உறுதி! கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் இருந்த அட்டை மட்டும் என் சட்டைப்பையில். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.