யூட்டாவின் ஐந்து பூங்காக்கள்: முதல் கார்ப் பயணத்துக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்கள் 63 இருக்கின்றன. முதன்முறை காரில் கிளம்புகிறவர்கள் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் மூன்றையும் ஒரே வாரத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது யூட்டா மாநிலம். சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று ஐந்தும் அடுத்தடுத்து வரும். லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து சால்ட் லேக் சிட்டியில் விட்டுவிட்டால் ஏழு நாள் போதும். வேறு ஊரில் காரை விடுவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வந்த வழியே திரும்புவதைவிட அது மேல்.

1. முதலில் இரவுகளைப் பிரியுங்கள்

சயானை ஒட்டிய ஸ்பிரிங்டேலில் இரண்டு இரவு, பிரைஸில் ஒன்று, கேபிடல் ரீஃபை ஒட்டிய டோரியில் ஒன்று, ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் பக்கத்து ஊரான மோவாபில் இரண்டு. அறைகள் உறுதியான பிறகு மற்றதைப் பாருங்கள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூலை வெயிலில் மோவாப் பக்கம் பகலில் நடக்க முடியாது.

2. பாஸும் அனுமதியும்

சயானில் ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லாப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ் 80 டாலர். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 2026 முதல் 250 டாலர். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மூத்தோர் பாஸ் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே.

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற, குலுக்கல் முறையில் அனுமதி பெற வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் செல்லாது. இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கிளம்பும் முன் ஒவ்வொரு பூங்காவின் இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள்.

3. கடிகாரம், வரைபடம், பெட்ரோல்

நெவாடாவைவிட யூட்டா ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது. முதல் நாளே ஒரு மணி நேரம் காணாமல் போகும். பல இடங்களில் செல்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் நான் பட்டது போதும். ஹேங்க்ஸ்வில்லில் போட்டுக்கொள்ளலாம் என்று டோரியில் நிற்காமல் கிளம்பினேன். பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, செம்மண் பாறைகளின் அழகை ஒரு துளிகூட ரசிக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இப்போது அரை டேங்க் ஆனதும் நிறுத்திவிடுகிறேன். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் காரில் இருக்கட்டும்.

4. அவசரப்படக் கூடாத நாள்

பிரைஸில் விடியற்காலையில் சன்ரைஸ் பாயின்ட்டில் நில்லுங்கள். 8,000 அடி உயரம் என்பதால் மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். பாறை வெடிப்பில் புகும் நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. கீழே நிற்கும் ஆரஞ்சு நிறத் தூண்கள் அப்படி உருவானவைதான்.

பிறகு நெடுஞ்சாலை 12. எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்ற இடத்தில் சாலை ஒரு முகட்டின் மேல் போகும். இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புக் கம்பி இல்லை. ஓட்டுபவர் காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்ப்பதே மரியாதை. எங்கள் எலுமிச்சைச் சாதம் அன்று அப்படியொரு நிறுத்தத்தில்தான் தீர்ந்தது.

அடுத்து கேபிடல் ரீஃபின் ஃப்ரூட்டா. மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. பருவத்தில் மரத்தடியில் நின்று பறித்துச் சாப்பிட்டால் காசில்லை. எடுத்துப் போவதை மட்டும் அங்கிருக்கும் தராசில் நீங்களே நிறுத்து, உண்டியலில் பணம் போட வேண்டும்.

5. மோவாப்

கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவை சூரிய உதயத்தில் பாருங்கள். ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் மாலைக்கு. போய்வர மூன்று மைல். வழியில் நிழல் கிடையாது. சூரியன் மறைந்ததும் கூட்டம் கலையும், பாறையும் மங்கிவிடும். அங்கங்கே அடுக்கி வைத்திருக்கும் சிறு கற்குவியல்கள்தான் இறங்குவதற்கு வழிகாட்டி. தலையில் கட்டும் டார்ச் எடுத்துப் போங்கள். செல்பேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும்.