படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் ஓய்வு வேண்டும்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களுக்கு வரும் பெண்கள் சிலருக்கு, வந்ததும் கிடைக்கும் முதல் பொறுப்பே படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதுதான். கணவர் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், பேம்பர்ஸ் மாற்ற வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும். இதிலிருந்து கொஞ்ச நேரம் விடுதலை கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களின் ஓய்வுக்கென்றே அரசு சுகாதாரப் பணத்தில் 13 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். இங்கே அப்படித் தனிப் பணம் தேடாதீர்கள். இருக்கிற உதவிகளை வைத்து நாமேதான் ஓய்வை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் மாமியாரின் ஐசி, அதாவது அடையாள அட்டை, என்ன நிறம் என்று பாருங்கள். நீலம் என்றால் குடியுரிமை உண்டு. சமூக நல இலாகா, அதாவது கெபாஜிக்கான், படுக்கையில் இருக்கும் நோயாளியின் பராமரிப்புக்கு மாதம் 500 ரிங்கிட் தருகிறது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், அரசு டாக்டரின் உறுதிக் கடிதமும் வேண்டும். நமக்கு விசாதானே என்று நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது, அதனால் மாவட்ட அலுவலகம் அங்கேதான். ஐசி சிவப்பு என்றால் நிரந்தரவாசி மட்டும்தான், குடியுரிமை இல்லை; இந்த உதவி கிடைக்காது. காலமெல்லாம் இங்கே ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள் இன்னும் சிவப்பு ஐசியோடு இருப்பது பெரிய அநியாயம்.

நீங்கள் பார்த்துக்கொள்பவர் வேலையில் அடிபட்டு முடங்கியவர் என்றால், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கேளுங்கள். எப்போதும் ஆள் துணை தேவை என்று உறுதியானால் அங்கேயும் மாதம் 500 ரிங்கிட் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே, 'டொமிசிலியரி' சேவைக்கு எழுதித் தரச் சொல்லி வார்டு டாக்டரிடம் கேளுங்கள். அரசு கிளினிக்கிலிருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டுவார். புரட்டவும், டியூப் வழியாகப் பால் கொடுக்கவும் சொல்லித் தருவார். அந்த நேரத்தில் கணவரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கட்டாயம் அருகில் நிற்க வையுங்கள். வேலை உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அப்புறம் யாரிடமும் ஒரு மணி நேரம்கூட ஒப்படைக்க முடியாது.

உதவிப் பணத்தில் பேம்பர்ஸுக்கே நிறையப் போய்விடும், சரி. ஆனாலும் முதலிலேயே கொஞ்சம் எடுத்து வைத்து, வாரம் ஒரு மத்தியானம் அந்த அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மத்தியானத்தில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம், துணி துவைக்கவும் வேண்டாம். தூங்குங்கள், இல்லை ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசுங்கள்.

தாங்கவே முடியவில்லை என்றால் 15999-க்கு அழையுங்கள். தாலியான் காசே என்ற அரசு உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.