விமானப்படைத் தரைப்பணியாளர்களை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940இன் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்குத் தோட்டா ஏற்றும் ஆட்களை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கோடு நடுங்குவதும் நிழல் திட்டுத்திட்டாக விழுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

முதலில் விமானம், பிறகு ஆட்கள்

தாளையே பாழாக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல். விமானம் அசையாமல் நிற்கிறது என்று மூக்கிலிருந்து வால்வரை அரைமணி நேரம் இழைக்கிறார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்களைச் செருகுகிறார்கள். இறக்கைக்கு அடியில் குந்தியிருக்கும் ஆர்மரரின் (தோட்டா ஏற்றும் பணியாளரின்) கை தோட்டாப் பெட்டிக்கு எட்டாது. எட்ட வைத்தால் குரங்குக் கையாக நீளும். ஆளைச் சுருக்கினாலோ போர் விமானம் குண்டுவீச்சு விமானமாக ஊதிவிடும்.

நிற்கும் ஆள்தான் அளவுகோல். 1.7 மீட்டர் உயரம் என்று வைத்தால், ஸ்பிட்ஃபயரின் 11.23 மீட்டர் இறக்கை (நுனிக்கு நுனி) ஏறக்குறைய ஆறரை ஆள், 9.12 மீட்டர் நீளம் ஐந்து ஆளுக்குச் சற்று மேல். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் 31 மீட்டர் இறக்கையோ பதினெட்டு ஆள். சாய்கோணத்தில் பார்த்தால் இவை குறுகும் என்பதையும் மறக்கக்கூடாது.

தாளில் முதலில் விழவேண்டியது கண்மட்டக் கோடு. நின்றபடி வரைந்தால், சமதரையில் நிற்பவர்களின் கண்கள், கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் வரும். முக்காலியில் உட்கார்ந்தால் கோடு அவர்களின் நெஞ்சை வெட்டும். இறக்கைமேல் ஏறியவருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அடுத்து, சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளும் இறக்கையின் முன்விளிம்பும். உடனே ஆட்கள்: பாதம், இடுப்பு, கை படும் இடம். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் ஆள் தாளில் நின்றுவிடுவார்.

போர்க்களத்தில் விமானமும் கிளம்பிவிடும்தான். ஆனால் அதே வகையில் இன்னொன்று வந்து நிற்கும். குனிந்த அந்த முதுகு திரும்பக் கிடைக்காது. கவென்ட்ரியில் தடுப்புப் பலூனின் கயிற்றை இழுக்கும் பெண்களை பிரிட்டிஷ் ஓவியர் லாரா நைட் 1943இல் தீட்டிய ஓவியத்தைப் பாருங்கள். பலூன் அத்தனை பெரிது, ஆனாலும் கண் முதலில் போவது இழுக்கும் உடல்களுக்குத்தான்.

கிடைமட்டமாக நிற்கும் விமானம்

பறக்கும் படங்களைப் பார்த்துப் பழகிய கை செய்வது. தரையில் ஸ்பிட்ஃபயரின் வால் தாழ்ந்து, மூக்கு வானைப் பார்க்கும்.

முகம்

வேண்டாம். தொப்பியும் பிடரியும் போதும்.

நிறம்

அதன் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கனம் தெரியாத கை

இறக்கைகளில் எட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டாக்கள். அத்தனையையும் ஆட்கள் கையால் சுமந்தார்கள், ஆனால் படத்தில் பெட்டி காலியாகத் தெரிகிறது. வலக்கையில் பெட்டி தூக்கியவரின் உடல் இடப்பக்கம் சாயும், இடக்கை விலாவைவிட்டு விலகி நிற்கும், வலக்கையின் முழங்கை மடங்கவே மடங்காது. பெட்டியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் அவர் எதையோ சுமக்கிறார் என்று தெரியவேண்டும்.