ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை: முதன்முறை வாங்குபவர்களுக்கும் சம்பளம் போடுபவர்களுக்கும்

உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தரும் பணம்தான் இது. படுத்த பிறகுதான் பலரும் இந்தப் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அது கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் சில மாதங்களுக்கு முன்பே கம்பெனி பதிந்த சம்பளக் கணக்கில் முடிவாகிவிடுகிறது. அதனால் நோய் வரும் முன்பே பதிவைப் பாருங்கள்.

1. சந்தா பிடிக்கிறார்களா?
மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) ஈ.எஸ்.ஐ. உண்டு. அதற்கான சந்தாவில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

2. 78 நாள் இருக்கிறதா?
ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். 26 நாள் வேலை செய்தவருக்கு 16 என்று தவறாகப் பதிந்தால் அந்தப் பத்து நாளும் போய்விடும். ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நுழைந்து மாதவாரியாகச் சரிபாருங்கள். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

3. எவ்வளவு வரும்?
சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம். மாதம் 15,600 ரூபாய், 26 நாள் என்றால் நாளுக்கு 600, உதவித்தொகை 420. முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. பத்து நாளுக்கு மருத்துவச் சான்று வாங்கினால் 8 × 420 = 3,360 ரூபாய். முந்தைய நோய்க்காலம் முடிந்த 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. ஆண்டுக்கு மொத்தம் 91 நாள் வரை வாங்கலாம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் தருகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

4. சான்று
முதல் நாளே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். முதல் சான்று, நோய் நீண்டால் இடைச் சான்று, கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்ற இறுதிச் சான்று என வரிசையாக வாங்க வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரப் பணம் சிக்கலாகும். தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

5. பணம்
வைத்தியம் டிஸ்பென்சரியில், பணம் தருவது ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். இரண்டும் வேறு வேறு. சான்றுகளோடு 9-ஆம் எண் படிவத்தைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தால் தொகை வங்கிக் கணக்குக்கு வரும்.

சம்பளம் போடுபவர்கள் அதிகம் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இரக்கப்பட்டு, தொழிலாளி நோயில் படுத்த நாட்களைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகப் பதிந்துவிடுகிறார்கள். சம்பளம் வாங்கிய நாளுக்கு உதவித்தொகை கிடையாது. கிளை அலுவலகம் 10-ஆம் எண் படிவத்தில், ஆள் உண்மையிலேயே வேலைக்கு வரவில்லையா என்று கேட்கும். வருகைப் பதிவேடும் சான்றும் முரண்பட்டால் தொழிலாளிக்குத்தான் நட்டம். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சம்பள உயர்வால் 21,000-ஐத் தாண்டியவருக்கு உடனே சந்தாவை நிறுத்தக் கூடாது. அப்போது நடக்கும் ஆறு மாதச் சந்தாக் காலம் (செப்டம்பர் அல்லது மார்ச்) முடியும்வரை பிடித்தாக வேண்டும். உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது, அப்போது கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது.