எண் கேட்ட இடத்தில் ‘35 கேஜி’ வந்தால்: சி பிளஸ் பிளஸ்ஸில் என்ன செய்வது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் என் மாமா மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறார். அவருக்காக சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். எடையையும் கிலோ விலையையும் கேட்டுப் பெருக்கிச் சொல்லும், அவ்வளவுதான். முதல் நாள் விடியற்காலையிலேயே போன்: “பாப்பா, இது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்மா!” திரையில் ‘எடை? விலை?’ என்று நிற்காமல் ஓடியிருக்கிறது. அவர் தட்டியது ‘35 கேஜி’. எடை கேட்டால் மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தவறு என் நிரலில்தான்.

நடந்தது இதுதான். தட்டுவதை வாசிக்கும் சின் 35ஐ எடுத்துக்கொண்டு ‘கேஜி’யை உள்ளீட்டிலேயே விட்டுவிட்டது. அடுத்து விலையை வாசிக்கப் போனால் அந்த ‘கேஜி’ குறுக்கே நிற்கிறது. எண் கிடைக்காததால் ‘வாசிப்பு தோற்றது’ என்று காட்டும் ஃபெயில்பிட் என்ற கொடியை சின் ஏற்றிவிடும். விலை மாறியில் 0 விழும் (சி பிளஸ் பிளஸ்ஸின் 2011 தரத்துக்கு முன்பு பழைய மதிப்பே இருக்கும்). கொடி இறங்கும்வரை அதன்பின் எந்த வாசிப்பும் நடக்காது. ஆனால் லூப் மட்டும் சுற்றும்.

முதல் பழக்கம், சின் வாசிப்பையே இஃப் அல்லது வைல் நிபந்தனைக்குள் எழுதுவது. தோற்றால் கிளியர் அழைத்துக் கொடியை இறக்குங்கள். பிறகு இக்னோர் அழைத்து வரி முடிவுவரை உள்ள குப்பையைத் தள்ளுங்கள். எத்தனை எழுத்து தள்ள வேண்டும் என்ற இடத்தில் ஸ்ட்ரீம்சைஸ் என்ற எண் வகையின் உச்ச மதிப்பைக் கொடுங்கள். அதற்கு லிமிட்ஸ் ஹெடர் வேண்டும். வரிசை மாறக்கூடாது. கொடி ஏறியிருக்கும்போது இக்னோர் எதையும் தள்ளாது. கிளியரை மட்டும் போட்டு விட்டால் அதே ‘கேஜி’யில் மறுபடி முட்டும்.

இதோடு நிறுத்தினால் போதாது. மாமா 1,250 என்று கமா போட்டுத் தட்டினால் சின் 1ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லிவிடும். நிற்காமல் ஓடும் திரையையாவது யாரும் கவனிப்பார்கள். 1,250 ரூபாய் 1 ரூபாயாக விழுந்த கணக்கு சாயங்காலம் காசு எண்ணும்போதுதான் தெரியும், அதற்குள் லாரி போயிருக்கும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அதனால் இப்போது நான் எண்ணை நேரடியாக வாங்குவதே இல்லை. கெட்லைன் கொண்டு முழு வரியையும் சரமாக வாங்கி, அதை, சரத்தையே உள்ளீடு போல வாசிக்கவிடும் ஸ்ட்ரிங்ஸ்ட்ரீமில் போட்டு, அதிலிருந்து எண்ணை எடுக்கிறேன். எடுத்ததும் இன்னொரு எழுத்தை வாசித்துப் பார்க்கிறேன். ஏதாவது கிடைத்தால் அந்த வரி செல்லாது, மறுபடி கேட்கிறேன். இப்போது நிரலில் பெட்டி எண்ணிக்கைக் கட்டமும் உண்டு. அங்கே 12.5 என்று தட்டினாலும், முழு எண் வகையான இன்ட் 12ஐ எடுத்த பிறகு ‘.5’ மிச்சம் நிற்கும், மாட்டிக்கொள்ளும். கமாவை மட்டும், எண்ணாக மாற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுகிறேன். ஆயுசு முழுக்க அப்படி எழுதியவரை மாறச் சொல்வது நியாயமில்லை. ‘கேஜி’யை நீக்குவதில்லை. விலைக் கட்டத்தில் எடையைத் தட்டிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கெட்லைனுக்கு மாறினால் எல்லா இடத்திலும் மாறுங்கள். நடுவில் ஒரு சின் இருந்தால் அது விட்டுவைத்த என்டரை கெட்லைன் வெற்று வரியாக வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், கெட்லைனே தோற்றால் பெரும்பாலும் உள்ளீடு முடிந்துவிட்டது என்று பொருள். அங்கே மறுபடி கேட்காதீர்கள், நிரலை முடித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை கொடுப்பதற்கு முன் நானே தட்டிப் பார்த்தவை: 35 கேஜி, 1,250, வெற்று என்டர், வெறும் ‘வஞ்சிரம்’, பெட்டிக் கட்டத்தில் இன்ட்டின் உச்சமான 2147483647ஐத் தாண்டிய எண், லினக்ஸில் கன்ட்ரோல் டி. -35 மட்டும் உள்ளே நுழைந்துவிட்டது. ஸ்ட்ரீமுக்கு அது நல்ல எண்தான். பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா என்பதை நாம்தான் தனியாகச் சோதிக்க வேண்டும்.