இம்யூனோதெரபி எடுப்பவர்கள் வீட்டில் செய்யும் தப்புகள்

டே கேர் வார்டில் புதிதாக வந்து சேரும் குடும்பங்களைப் பார்த்தால், முன்பு வந்தவர்கள் செய்த தப்பையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஃபைலை மறந்துவிட்டு வருவது, சாப்பிடாமல் வருவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. மெலனோமா என்கிற தோல் கேன்சர் நம் ஆட்களுக்கு உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவது அதிகம். கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டியே மாதக்கணக்கில் போய், நான்காம் ஸ்டேஜில்தான் பலர் வருகிறார்கள். அந்த அதிர்ச்சியில் டாக்டர் சொன்னதில் பாதி காதில் ஏறாது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம், இம்யூனோதெரபி ஊசி தொடங்கியபின் வீட்டில் நடப்பதை.

பேதியை வீட்டிலேயே அடக்குவது

எனக்கு இன்றைக்கும் கடுப்பேற்றுகிற தப்பு இதுதான். இம்யூனோதெரபி மருந்துகளான நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் இவையெல்லாம் கேன்சர் செல்லை நேராகக் கொல்வதில்லை, நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு இருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. பிரேக் இல்லாத வண்டி கட்டியை மட்டும் தேடிப் போய் இடிக்குமா? குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, சில சமயம் இதயம் என்று எதன்மேலும் ஏறும். குடலில் ஏறினால் பேதி வரும். அது பிரியாணியால் வந்த பேதி இல்லை, குடல் அழற்சி. மெடிக்கல் ஷாப்பில் லோபராமைடு வாங்கிப் போட்டால் பேதி நிற்கும், அழற்சி நிற்காது. குடலில் ஓட்டை விழுகிற வரைக்கும்கூட அது போகலாம்.

டெல்டா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்து இரண்டாவது டோஸ் போன பிறகு பேதி தொடங்கியிருக்கிறது. லோபராமைடு, மோர், மாதுளம் தோல் கஷாயம் எல்லாம் ஆயிற்று. உள்ளூர் கிளினிக்கில் வீட்டார் இம்யூனோதெரபி என்று சொல்லாமல் "கீமோ போகுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், அங்கே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது நாக்கு காய்ந்து, உதடு வெடித்து, எழுந்து நிற்க முடியாத நிலை, மலத்தில் ரத்தம். ஏன் ஒரு போன் பண்ணவில்லை என்று மகனைக் கேட்டேன். "சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்கன்னு அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு சிஸ்டர்."

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் பெரும்பாலும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோடு போயிருக்கும். அவருக்கோ நரம்பு வழி ஸ்டீராய்டு போட்டும் அடங்காமல், இன்ஃப்ளிக்ஸிமாப் என்கிற அடுத்த கட்ட மருந்து வரை போக வேண்டியதாயிற்று. அதன் விலையைக் கேட்டு அந்த மகன் வராண்டாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த இரட்டை மருந்தைப் பக்கவிளைவால் ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்து எடுத்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று 2017-லேயே ஆய்வு வந்துவிட்டது. பெரியவருக்கும் அந்த இரண்டு டோஸோடு சரி. அடுத்த ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் சுருங்கியிருந்தன. மறைத்து அவர் சம்பாதித்தது ஐசியு பில் மட்டும்தான்.

எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு எத்தனை முறை போவார் என்பதை முதல் டோஸுக்கு முன்னாலேயே எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட 4 முறை கூடினால் அன்றைக்கே போன், 7 கூடினால் அட்மிஷன். ரத்தம், சளி, வயிற்றுவலி இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள். ஒரு அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு கோடாகப் போட்டு ரப்பர் பேண்ட் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். டாக்டருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

ஸ்டீராய்டைப் பாதியில் விடுவது

முகம் உப்புது, சுகர் ஏறுது, தூக்கம் வரல, எல்லாம் உண்மைதான். ஆனாலும் பேதி நின்ற மறுநாளே மாத்திரையை விட்டால் அழற்சி திரும்ப வரும், இரண்டாவது முறை அடக்குவது இன்னும் கஷ்டம். 4 முதல் 6 வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். நாமாகக் குறைக்கிற வேலையே வேண்டாம்.

அசதியைக் கேன்சர் கணக்கில் எழுதுவது

பாதிப் பேருக்கு மேல் "கேன்சர்னா அசதி இருக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். தைராய்டு அடங்கிப் போனாலும் அசதிதான், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வீங்கிக் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் விழுந்தாலும் அசதிதான். அசதியோடு தீராத தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி சேர்ந்தால் அது அவசரம். காலை ரத்தத்தில் கார்ட்டிசாலும், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சும் பார்த்தால் தெரிந்துவிடும், மாத்திரையும் உண்டு.

'எதிர்ப்புச் சக்தி' லேகியம்

இம்யூனோதெரபி என்றதும் உறவுக்காரர் ஒருவர் சீந்தில் பொடியோடு வந்துவிடுவார். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். கல்லீரல் அளவுகள் ஏறும்போது அது ஊசியா பொடியா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஊசிதான் முதலில் நிற்கும்.

பழைய புள்ளிவிவரம் படிப்பது

மெலனோமாவுக்கு இந்த மருந்துகள் வரத் தொடங்கியதே 2011-ல்தான், அதற்கு முந்தையது என்றால் மூடி வைத்துவிடுங்கள்.

ஊசி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பது

இல்லை. கடைசி டோஸ் போய் மாதங்கள் கழித்தும் பக்கவிளைவு வரும். பல் டாக்டரிடம் போனாலும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், சீட்டின் போட்டோ எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.