புல்லிலிருந்து புரதமும் எண்ணெயும்: கைக்கு வந்ததை இழக்க வைக்கும் தவறுகள்

புல்லை அறுத்துக் குவித்துவிட்டு, நாளைக்குப் பிழிந்துகொள்ளலாம் என்று விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அறுத்த புல் உடனே அடங்கிவிடாது. உள்ளே இருக்கும் என்சைம்கள் புரதத்தை வெட்டி வெட்டி அமினோ அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சில மணி நேரத்திலேயே வெதுவெதுப்பு தெரியும். அங்கே சர்க்கரை எரிகிறது, கூடவே புரதமும் சிதைகிறது. இதே காரணத்தால்தான் ஊறுகாய்ப் புல்லும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த சைலேஜ்) புரதம் எடுக்கச் சரிப்படாது. அறுத்த அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பிழிந்துவிட வேண்டும். கதிர் விட்ட முற்றல் புல்லும் வேண்டாம், அதில் நார்தான் மிச்சம்.

அப்புறம் கணக்கு. ஆய்வகம் தரும் புரத எண் பெரும்பாலும் நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கி வருவது, அதில் புரதமே இல்லாத நைட்ரஜனும் சேர்ந்திருக்கும். ஒரு டன் பச்சைப் புல்லில் சுமார் 800 கிலோ தண்ணீர். மீதி 200 கிலோவில் 18 சதவீதம் புரதம் என்று வைத்தால் 36 கிலோ, ஆனால் சாற்றோடு வருவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி சக்கையிலேயே தங்கிவிடும். அதைக் கழிவு என்று நினைக்காதீர்கள், மாட்டுக்கு அது நல்ல தீவனம்.

சாற்றை 80 டிகிரி வரை சூடாக்கினால் பால் திரிவது மாதிரி கரும்பச்சைத் திரளாகப் பிரியும், கீழே பழுப்பு நீர் தெளியும். இங்கே நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கோழிக்கும் பன்றிக்கும் தீவனம் என்றால் நேராக 80-க்குப் போகலாம், அதுவும் வேகமாகப் போக வேண்டும், மெல்லச் சூடேற்றினால் அந்த என்சைம்களுக்கு இன்னும் நேரம் கொடுத்ததாகிவிடும். மனிதர் சாப்பிட வெள்ளைப் புரதம் (பெரும்பகுதி ரூபிஸ்கோ என்ற இலைப் புரதம்) வேண்டும் என்றால் 50 முதல் 60 டிகிரியில் நிறுத்தி, பச்சையை முதலில் பிரித்து எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒன்றாகத் திரண்டுவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இனி எண்ணெய், அதாவது புல்லின் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் தன் செல்லுக்குள் சேர்த்து வைக்கும் கொழுப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, ஆனால் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். புரதத்துக்கு நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எண்ணெய்க்கு அதே நைட்ரஜன்தான் தடை. ரோடோடொருலா, லிப்போமைசிஸ் போன்ற ஈஸ்ட்கள் நைட்ரஜன் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். பழுப்பு நீரில் சர்க்கரை இருக்கிறதே என்று அப்படியே ஊற்றினால், அதிலுள்ள அமினோ அமிலங்களைத் தின்று ஈஸ்ட் பெருகும், கொழுக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும்: சரியாக நடந்திருந்தால் செல்லின் பெரும்பகுதியைப் பளபளக்கும் எண்ணெய்த் துளி அடைத்திருக்கும், இல்லையென்றால் வெறும் செல் கூட்டம். பழுப்பு நீரைச் செல் வளர்க்கும் முதல் கட்டத்துக்கு மட்டும் கொடுத்து, கொழுக்க வைக்கச் சக்கையிலிருந்து வரும் சர்க்கரையைத் தருவது நல்ல வழி.

அந்தச் சக்கையைச் சர்க்கரைக்காக உடைக்கும்போது சூடும் அமிலமும் மிஞ்சினால், சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபுரால் என்ற நச்சுப் பொருள் உருவாகி ஈஸ்டை முடக்கும். இன்னொன்று, சக்கையில் குளுக்கோஸ் மட்டுமல்ல, சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் நிறைய உண்டு. ரொட்டி ஈஸ்ட் இயல்பாக அதைத் தொடாது, அதனால் ஈஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். நன்றாக நடந்தாலே 5 கிலோ சர்க்கரைக்கு ஒரு கிலோ எண்ணெய் என்ற அளவில்தான் வரும், அதுவும் செல்லுக்குள் இருக்கிறது, உடைத்து எடுக்கும் செலவு தனி.

சர்க்கரை தீர்ந்த பிறகும் தொட்டியை ஓடவிடாதீர்கள். பசித்த ஈஸ்ட் தான் சேர்த்த எண்ணெயையே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிடும். கடைசிக் கட்டத்தில் ராத்திரியிலும் சர்க்கரையை அளந்து பார்க்க ஓர் ஆள் இருக்கட்டும்.